பார்பர் மெழுகு ஜாக்கெட்: பீடேலா, போஃபர்ட்டா?

1894-ல் ஜான் பார்பர், இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுக ஊரில், மீனவருக்கும் மாலுமிகளுக்கும் எண்ணெய்த் துணி விற்கத் தொடங்கினார். இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் பார்பர் நிறுவனம். 1968-ல் கணவரை இழந்து, பிறகு பொறுப்பேற்ற மார்கரெட் பார்பர், முன்னாள் ஆசிரியை, வடிவமைத்தவைதான் பீடேல், போஃபர்ட் என்ற இந்த இரண்டு ஜாக்கெட்டுகளும்; மழை புகாதபடி மெழுகு பூசிய பருத்தித் துணியில் தைத்தவை.

பிறப்பு
பீடேல்: 1980, குதிரையேறுபவர்களுக்கு.
போஃபர்ட்: 1983, வேட்டைக்காரர்களுக்கு. பிரெஞ்சு வேட்டை உடுப்புகளைப் பார்த்து வந்த யோசனை.

அமைப்பு
பீடேல்: குட்டை. சேணத்தில் உட்கார வசதியாகப் பின்னால் இரண்டு பிளவுகள். மணிக்கட்டில் பின்னலாடை விளிம்பு இருப்பதால் குளிர்காற்று கைக்குள் ஏறாது.
போஃபர்ட்: சற்று நீளம். முதுகின் அகலத்துக்கும் ஒரு பெரிய பை, வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவைகளைப் போட. இப்போது அதில் செய்தித்தாள்தான் போகும்! கோட்டுக்கு மேலேயும் போடலாம். பீடேலைப் போட்டால் கோட் கீழே எட்டிப் பார்க்கும்.

பராமரிப்பு
இரண்டுக்கும் ஒரே தலைவலி. வாஷிங் மெஷின் கூடாது, குளிர்ந்த நீரில் ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மெழுகு பூச வேண்டும். பூசினால் பல வருடம் உழைக்கும். கிழிந்தால் நிறுவனமே ஒட்டுப்போட்டும் தரும். அந்த மெழுகு வாசனை, சரி, எல்லாருக்கும் பிடிக்காது.

சைக்கிள், கார், நாயோடு நடை என்றால் பீடேல். அலுவலகத்துக்குக் கோட் போட்டுப் போகிறவர் போஃபர்ட்டை எடுக்கலாம். எனக்கென்றால் அந்த முதுகுப் பைக்காகவே போஃபர்ட்தான்.