18,500 ரூபா போச்சு: நாடக டிக்கட் ஏலம் எண்டு ஆராவது வந்தா ஒருக்கா நில்லுங்க

நேத்து ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தம். அப்பா வேட்டியைக்கூட மாத்தாம அப்படியே சரிஞ்சிட்டார். எனக்கு நித்திரையே வரல்ல. கோபத்தோடதான் எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தா மன்னியுங்க. இப்படி டிக்கட் எடுக்க முதல் பாக்க வேண்டிய அஞ்சு விசயத்தைக் கடைசியில சொல்றன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்கட பக்கத்து ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற ஒரு முகப்புத்தக ஏலப் பேஜ். பேர் சொல்லல்ல, கேஸ் கீஸ் எண்டு வருவாங்க. சாரி, கேக், பழைய சைக்கிள் எண்டு எதையாவது ஏலம் விட்டு, வாற காசைத் தர்மத்துக்குக் குடுக்கிற சங்கம் எண்டு தங்களைச் சொல்லிக்கொள்ற இடம். மூண்டு கிழமைக்கு முதல் ஒரு போஸ்ட் வந்திச்சு. மட்டக்களப்பில இந்த வருசம் மேடையேறுற நாலு நாடகத்துக்கும் சேர்த்து சீசன் டிக்கட், ரெண்டு பேருக்கு, முன்வரிசை. ரெண்டு வடமோடிக் கூத்து (எங்கட பக்கத்துப் பழைய ஆட்டக் கூத்து), ரெண்டு நவீன நாடகம். காசு முழுக்க ஒரு முன்பள்ளிக்குக் கூரை போட. ஆரம்ப விலை 6,000.

அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில பிறந்தவர், கலியாணம் முடிச்சு காரைதீவுக்கு வந்தவர். இளந்தாரி வயசில அருச்சுனனுக்கு ஆடினவர். கூத்துப் பழக்கிற அண்ணாவியாரிட்ட அடி வாங்கி ஆட்டம் பழகினது, சதங்கை கட்டினது, வெளியில போடுற கூத்துக் களரியில விடிய விடிய ஆடினது எல்லாம் எங்கட வீட்டில எல்லாருக்கும் மனப்பாடம். இப்ப 76 வயசு, முழங்காலில வருத்தம். டிக்கட் கதையைச் சொன்னதும் சிரிச்சார். “கூத்துக்கு டிக்கட்டா மனே? நாங்க பாயைக் கொண்டுபோய் விரிச்சிட்டெல்லோ பாத்தம்.” அது அந்தக் காலம் அப்பா, பேராதனைக் கெம்பசில படிப்பிச்ச வித்தியானந்தன் சேர் ஆக்கள் 1960களிலேயே கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்திட்டாங்க, இப்ப ஹோலுக்குள்ள கதிரையில இருந்து பாக்கலாம், உங்கட முழங்காலுக்கு அதுதான் சரி எண்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல. மறுகா “அப்ப பாப்பம்” எண்டார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் ஏலத்தில இறங்கினது.

நான் 7,000 போட்டா ஒருத்தன் 7,500. நான் 8,000, அவன் 8,500. அவன்ட புரொஃபைல்ல ஒரு ரோசாப்பூப் படத்தைத் தவிர ஒண்டுமில்ல. இப்பதான் விளங்குது அவன் ஆர்ட ஆள் எண்டு. இரவு பத்துக்கு ஏலம் முடியக்குள்ள என்ட தலையில 18,500.

காசு போட முதல் எனக்குச் சந்தேகம் வராமலில்ல. சங்கம் எண்டுறீங்க, ஏன் தனியாள்ட கணக்கு எண்டு இன்பொக்ஸ்ல கேட்டன். ஒரு பொம்பளைக் குரல் வொய்ஸ் வந்திச்சு: “அண்ணன், சங்கக் கணக்கு இன்னும் திறக்கல்ல, இது பொருளாளர்ட கணக்கு. சின்னப் புள்ளையள்ட காசு அண்ணன், அதைத் தொட்டா எங்களுக்கு விளங்குமா?” பின்னால ஒரு குழந்தை அழுற சத்தமும் கேட்டிச்சு. கூடவே ஒரு படம். ஓட்டையான தகரம், கீழ ஒழுக்குக்கு ஒரு பச்சை வாளி, அதைச் சுத்திக் குட்டிக் குட்டி நீலக் கதிரைகள். அந்த வாளியைக் கண்டதும் நான் விழுந்திட்டன். வீட்டுக்காரி சொன்னா, “எதுக்கும் நாடகக்காரர் ஆருக்காவது ஒரு கோல் எடுத்துக் கேளுங்களன்.” தர்மக் காசில சந்தேகப்பட்டாப் பாவம் எண்டு நான் அவக்குப் புத்தி சொன்னன். எனக்குச் செருப்பாலதான் அடிக்கணும்.

அடுத்த நாள் காலையில 18,500 போட்டு ஸ்லிப்பை அனுப்பினன். ரெண்டு கும்பிடு வந்திச்சு, மறுகா டிக்கட் படம். இலக்கம் 17, 18.

நேத்துத்தான் முதல் கூத்து. வேன் பிடிச்சு, அதுக்கு வேற 7,500, அப்பாக்கு வெள்ளை வேட்டி கட்டி, கல்முனை, களுவாஞ்சிக்குடி தாண்டி, கல்லடிப் பாலத்தில வேனை மெல்ல விட்டு ஆத்தைக் காட்டிக்கொண்டு போனம். வாசலில ஒரு தம்பி கொப்பியோட நிண்டான். படத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். “அண்ணன், 17, 18ல ஆக்கள் இருக்காங்களே.” அவங்களும் அதே பேஜ்ல அதே படத்தை 14,000க்கு எடுத்த ஆக்கள்! நாடகக்காரர் ஒருத்தர் வெளிய வந்தார். “நாங்க அந்தப் பேஜுக்கு இண்டைய ஆட்டத்துக்கு ரெண்டே ரெண்டு டிக்கட்தான் இலவசமாக் குடுத்த. சீசன் டிக்கட் எண்டு எங்களிட்ட ஒண்டுமே இல்ல” எண்டார். நல்ல மனுசன், ஹோல் நிரம்பிட்டு, பின்னுக்கு நிண்டாவது பாருங்க எண்டும் சொன்னார். “ஓசியில நிண்டு பாக்கவா நான் வந்த?” எண்டு அப்பா திரும்பிட்டார்.

அந்த நேரம் பாத்து உள்ள மத்தளம் தொடங்கிச்சு. வேனுக்குள்ள ஏறியிருந்த மனுசன்ட விரல் ஊண்டுகோல் பிடியில தாளம் போட்டிச்சு. நான் பாக்கிறதைக் கண்டதும் கையை எடுத்து மடியில வெச்சிட்டார்.

வேனுக்குள்ள இருந்தே பேஜுக்கு எழுதினன். முதல் பதில்: “அட்மின் வெளியூர், திங்கள் கதைப்பார்.” ரெண்டாவது: “அரங்கக்காரர்ட பிழை, அவங்களிட்டக் கேளுங்க.” மூண்டாவதைத்தான் தாங்க ஏலாம இருக்கு: “நீங்க குடுத்தது நன்கொடை. டிக்கட் எங்கட அன்பளிப்பு. குடுத்த தர்மத்தைத் திருப்பிக் கேக்கிறது அழகில்ல.” 18,500 ரூபாயை வாங்கிப்போட்டு எனக்குத் தர்மம் படிப்பிக்கிறாங்க! முன்பள்ளி எது எண்டு கேட்டன். பிளொக். காலையில வீட்டுக்காரிட போனால பாத்தா, அதே பச்சை வாளிப் படத்தோட புது ஏலம் ஓடுது. இந்த முறை ஹோட்டல் சாப்பாட்டு வவுச்சர்.

அஞ்சு விசயம் எண்டு சொன்னன். யோசிச்சா நாலுதான் வருது. டிக்கட் எண்டா, காசு போட முதல் நாடகம் போடுற ஆக்களிட்ட நேர கேளுங்க, இலக்கத்தையும் சொல்லி. தனியாள்ட கணக்குக்குப் போடவே போடாதீங்க. முன்பள்ளி, கோயில், வருத்தக்காரர் எண்டு ஆரைச் சொன்னாலும் அவங்கட பேரைக் கேட்டு அங்க ஒரு கோல் எடுங்க. போஸ்ட், வொய்ஸ் எல்லாத்தையும் பிளொக் பண்ண முதலே எடுத்து வெச்சுக்கொள்ளுங்க. என்னிட்ட ஸ்லிப்பும் அந்த வொய்ஸும் இருக்கு, நாளைக்குப் பொலிசுக்குப் போறன். 14,000 குடுத்த ஆக்களும் வாறம் எண்டிருக்காங்க. இதே பேஜ்ல வேற ஆரும் டிக்கட் எடுத்திருந்தா இன்பொக்ஸ் வாங்க, சேர்ந்து போவம்.

இன்னொண்டு. அப்பாவுக்கு 18,500 எண்டு தெரியாது, 2,000 எண்டுதான் சொல்லி வெச்சிருக்கன். காரைதீவு ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா அவரிட்ட வாயை விட்டிராதீங்க.