போகும்போது பாடம், திரும்பும்போது ஓட்டம்

சென்னையில் வளர்ந்தவர்களுக்குக் குதிரைச் சவாரி என்றால், மெரினா மணலில் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்க, நாம் சேணத்தை இறுகப் பற்றியபடி போய்வந்த சில நிமிடங்களே நினைவுக்கு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குதிரையேற்றப் பள்ளியில் நான் அண்மையில் முடித்த எட்டு வார வெளிச் சவாரிப் பயிற்சி முற்றிலும் வேறு வகையானது. வேலியிட்ட மைதானத்தில் நடை, டிராட் (துள்ளுநடை), கேன்டர் (மிதமான பாய்ச்சல்) மூன்றையும் ஏற்கெனவே பழகியவர்களை மட்டுமே இதில் சேர்க்கிறார்கள். சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு. மொத்தக் கட்டணம் ₹12,000. சவாரிக்குப் போன இடத்திலேயே குதிரையைப் பழக்குவது எப்படி என்பதுதான் பாடம்.

எனக்குக் கொடுக்கப்பட்டது பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற, தரோபிரெட் என்னும் பந்தய இனத்துப் பெண்குதிரை. லாயத்தில் அவளை மல்லி என்று அழைக்கிறார்கள். பந்தயக் குதிரைகள் வாய்க்கம்பியின் மேல் சாய்ந்து ஓடியே பழகியவை. ஆகையால் இரண்டு கடிவாள வார்களையும் சேர்த்து இழுத்தால், நிற்பதற்குப் பதிலாக இன்னும் வேகமெடுப்பதுண்டு. மைதானத்தில் வேலி இருப்பதால் இது அவ்வளவாகத் தெரியாது. சவுக்குத் தோப்பில் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு பக்க வாரை மட்டும் மெல்லச் சேர்த்து, அவள் கழுத்தை வளைத்து இளகிய அந்தக் கணமே கையைத் தளர்த்த வேண்டும் என்று பயிற்றுநர் காட்டினார். “கேட்டுட்டு விட்டுடணும் சார், விடுறப்பதான் அது கத்துக்கும்” என்றார். இரண்டு வாரங்கள் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், விடவில்லை. அது மல்லியின் குற்றமன்று.

இந்தப் பயிற்சியின் உண்மையான மதிப்பு தோப்புக்குள்தான் இருக்கிறது. மைதானத்தில் வட்டமடிப்பதற்குக் குதிரையின் கண்ணில் எந்தக் காரணமும் இல்லை. இங்கே எதிரே நிற்கும் மரமே காரணம். வரிசையாக நட்ட சவுக்கு மரங்களுக்கு இடையே பாம்பு போல வளைந்து செல்லும்போது, உள்பக்கக் காலின் அழுத்தத்துக்கு விலாவை வளைத்துக் கொடுக்க அவள் தானாகவே கற்றுக்கொள்கிறாள். சவாரி செய்பவர் போகவேண்டிய இடைவெளியைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தால் முழங்கால் பட்டையில் உரசுகிறது, அதனால் பாடம் இருவருக்கும் சேர்த்தே நடக்கிறது. வண்டித் தடத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பக்கவாட்டில் நகர்த்துவது, விழுந்து கிடக்கும் மரத்தை நிதானமாகத் தாண்டவைப்பது, முட்டுச்சந்து போல் புதர் அடைத்த இடத்தில் நான்கு அடி பின்வாங்கச் சொல்வது என்று ஒவ்வொரு பயிற்சியும் வழியிலேயே கிடைக்கிறது. மைதானத்தில் பத்து முறை மறுத்த பின்வாங்கலை மல்லி அந்தப் புதரின் முன் முதல் முறையே செய்தாள்.

மிரட்சியைக் கையாளும் முறையும் பாராட்டத்தக்கது. தலையின் இரு பக்கமும் கண்கள் அமைந்திருப்பதால் குதிரையால் ஏறத்தாழ 350 பாகை வரை சுற்றிலும் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குத் தெரியாது. கடற்கரையில் ஃபைபர் படகின் மேல் போர்த்தியிருந்த நீலத் தார்ப்பாய் படபடத்தபோது, மல்லியை அதன் அருகே உதைத்துத் தள்ளப் பயிற்றுநர் அனுமதிக்கவில்லை. நம் சொல்லை அவள் இன்னும் கேட்கக்கூடிய தொலைவிலேயே நிறுத்தி, பார்க்கவிட்டு, அவள் தலையைத் தாழ்த்தியதும் அங்கிருந்து விலகச் சொன்னார்; விலகுவதுதான் அவளுக்குப் பரிசு. இடக்கண்ணால் பார்த்துப் பழகிய பொருளை வலக்கண்ணால் பார்க்கும்போது புதிதாக மிரளும் குதிரைகள் உண்டு என்பதால், திரும்பும் வழியில் அதே பாடத்தை மறுபுறமிருந்தும் நடத்தினார். ஆறாம் வாரம் காயும் வலைகளைக் கடந்து போனோம்; காதுகள் மட்டும் அசைந்தன.

குதிரைகளின் உடல்நலத்திலும் கவனம் இருக்கிறது. காய்ந்த ஆழ்மணலில் நடை மட்டுமே. கால் தசைநாண்கள் பழுதாகும் என்பதால், அலையோரத்து ஈரமான கெட்டி மணலில்தான் கேன்டர். புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், அவை வெப்பத்தைத் தாங்கா; அதனால் ஒவ்வொரு முறையும் சேணத்துக்கு அடியில் கைவைத்து ஈரம் பார்க்கிறார்கள்.

குறை, திரும்பும் பயணத்தில் இருக்கிறது. லாயத்தை நோக்கி முகம் திரும்பியதும் எந்தக் குதிரையும் நடையைக் கூட்டும். பயிற்சி தேவைப்படுவது அங்கேதான். ஏழரை மணிக்கு உல்லாசச் சவாரிக்காரர்கள் காத்திருப்பார்கள் என்பதால், ஐந்து குதிரைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயிற்கதவு வரை டிராட்டிலேயே ஓட்டிவருகிறார்கள். வந்ததும் சேணம் இறங்குகிறது, கொள்ளு கிடைக்கிறது. விடுவதுதான் பரிசு என்று கற்பித்த அதே பள்ளி, அவசரத்துக்கு வாரந்தோறும் பரிசளிக்கிறது என்பதை நான் சொன்னபோது நிர்வாகம் சிரித்து மழுப்பியது. ஐந்தாம் வாரத்திலிருந்து பயிற்றுநர் தம் சொந்த நேரத்தில் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார். வாயிலைக் கடந்து மேலே நடந்தோம். லாயத்துக்கு அருகே வட்டங்கள் போடவைத்து, தொலைவில் இளைப்பாறவிட்டோம். எட்டாம் வாரம் மல்லி தளர்ந்த வாரில் நடந்தே கதவுக்கு வந்தாள்.

தலைக்கவசங்களைப் பற்றியும் சொல்லவேண்டும்: பலர் அணிந்து தாடைப்பட்டை தொய்ந்துபோனவை அவை. ஈஎன் 1384 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1163 தரக்குறியீடு உள்ள ஒன்றை நாமே வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஒரே பயிற்றுநரிடம் ஐந்து பேர் என்பதும் அதிகம்; மூவர் இருந்தால் மரங்களுக்கு இடையிலான பாடம் இன்னும் ஆழமாக அமையும்.

அடுத்த தொகுதிக்கு மீண்டும் பணம் கட்டிவிட்டேன். மல்லியையே கேட்டிருக்கிறேன், திரும்பும் வழிக்கான அந்த இருபது நிமிடத்தை இம்முறை ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.