ஒரு ரேஸ் பார்க்க எத்தனை சந்தா?

சிங்கப்பூரில் ரேஸ் ரசிகராக இருந்தால் டயர், எஞ்சின் பற்றித் தெரிகிறதோ இல்லையோ, ஒளிபரப்பு உரிமை யார் கையில் இருக்கிறது என்பது அத்துப்படியாகிவிடும். 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸில் ஜோர்டான் என்ற அணிக்கு ஓட்டியபோது பார்க்க ஆரம்பித்தவன் நான். அப்போதெல்லாம் சேனலைத் தேடியதாக ஞாபகமே இல்லை.

ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் இருந்தவரை எஃப்1, பைக் ரேஸான மோட்டோஜிபி இரண்டும் ஒரே குடும்பத்துச் சேனல்களில் வந்தன. 2021 அக்டோபர் 1 அன்று தென்கிழக்காசியாவில் அதை மூடினார்கள். வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் எஃப்1 பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம்! அதற்கப்புறம் ஆளுக்கொரு திசை. 2022இல் மோட்டோஜிபி ஸ்போடிவி என்ற சேனலுக்குப் போனது. 2023இல் எஃப்1 உரிமை, சிங்கப்பூர் உட்பட ஆசியாவின் 10 நாடுகளுக்கு, பீஇன் ஸ்போர்ட்ஸ் என்ற சேனலிடம் வந்தது. காடு மேடெல்லாம் கார் ஓட்டும் உலக ராலி வேண்டுமானால் ராலி டிவி என்ற தனிச் சந்தா. 2025இல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் மோட்டோஜிபியையும் வாங்கிவிட்டது. எஃப்1 ஏற்கெனவே அவர்களுடையதுதான். முதலாளி ஒருவர், சந்தா மட்டும் இரண்டு.

மாதம் சில வெள்ளி கூடுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. எஃப்1 ரேஸை மட்டும் தனியாக வாங்க முடியாததுதான் எரிச்சல். நான் பார்க்காத கால்பந்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறேன். சென்னையில் இருக்கும் அக்கா மகன் ஃபேன்கோட் என்ற ஆப்பில் ஒரு ரேஸுக்கு மட்டும் காசு கட்டிப் பார்க்கிறான். அந்த வசதி இந்திய எல்லைக்குள் மட்டும்தான். “மாமா, ஸ்டார்ட் பார்த்தீங்களா!” என்று அவன் அனுப்பும்போது என் திரையில் கார்கள் இன்னும் ஸ்டார்ட்டுக்கு முந்தைய ஃபார்மேஷன் லேப் சுற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும். இப்போதெல்லாம் ரேஸ் முடியும்வரை வாட்ஸ்அப் பக்கமே போவதில்லை.

ஐரோப்பிய ரேஸ்கள் நமக்குப் பெரும்பாலும் இரவு 9 மணிக்கு, சாப்பிட்டுவிட்டு உட்கார வசதியான நேரம். சிக்கல் அமெரிக்காவின் ஆஸ்டின் மாதிரி இடங்களில். அங்கே மதியம் என்றால் இங்கே விடிகாலை 3 மணி, திங்கட்கிழமை வேலை வேறு. தூங்கி எழுந்து, எம்ஆர்டி ரயிலில் போகும்போது மறு ஒளிபரப்பைப் பார்க்கலாம் என்று ஒரு ஆப்பைத் திறந்தேன். முழு ரேஸ் என்று போட்டிருந்த முகப்புப் படத்திலேயே வென்றவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். சரி, இனி எதைப் பார்ப்பது? எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. மற்றவர்களும் பெரிதாக யோக்கியமில்லை.

‘பாக்ஸ் வாங்கிப் போடுங்க’ என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். திருட்டு ஒளிபரப்புக்கான அந்தப் பெட்டிகளை விற்பது சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அதை விடுங்கள், பாதி ரேஸில் படம் உறைந்து நின்றால் யாரிடம் போய்க் கேட்பது?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. யூடியூபில் இலவசமாக ஓடிய ரேஸ். அதுவரை ரேஸ் பக்கமே எட்டிப் பார்க்காத அலுவலக நண்பர்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். மறுநாள் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிடும்போதும், டயர் மாற்ற நிறுத்தும் பிட் ஸ்டாப் பற்றித்தான் பேச்சு. அதில் ஒரு தம்பி, “அப்போ எஃப்1 எதுல பார்க்கறது அண்ணே?” என்று கேட்டான். எந்தத் தொகுப்பு, எத்தனை மாத ஒப்பந்தம், எந்த ஆப் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் பரோட்டாவில் இறங்கிவிட்டான். இத்தனைக்கும் நம் ஊரிலேயே 2008 முதல் இரவு ரேஸ் நடக்கிறது. அது சேனல் 5இல் இலவசமாக வந்ததுண்டு. அதைப் பார்த்துவிட்டு அடுத்த ரேஸையும் பார்க்க ஆசைப்படுபவனை நேராகக் கட்டணச் சுவரில் கொண்டுபோய் மோத விடுகிறார்கள்.

இப்போது என் வீட்டு ஏற்பாடு இதுதான். எஃப்1க்குத் தொலைக்காட்சித் தொகுப்பு. மோட்டோஜிபிக்கு அவர்களே நேரடியாக விற்கும் வீடியோபாஸ் என்ற இணையச் சந்தா. பழைய ரேஸ்களும் அதில் கிடப்பதால் கொடுக்கிற காசுக்கு மோசமில்லை. அமெரிக்காவின் இம்சா ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ்கள் யூடியூபிலேயே கிடைக்கின்றன. ராலியைக் கைவிட்டாயிற்று. புதிதாகச் சேர்பவர்கள் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், மாதாமாதம் கட்டி இடையில் நிறுத்த முடியுமா என்று கேட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை எஃப்1 ரேஸே கிடையாது. ஆண்டுச் சந்தாவில் அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.