செபலோகிராமில் புள்ளி வைக்கும் மென்பொருள்: ஒன்றரை ஆண்டு பயன்படுத்திய பின்

பல் சீரமைப்புக்குத் திட்டம் வகுக்கும் முன், தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயான செபலோகிராமில் எலும்பின் குறிப்பிட்ட இடங்களில் புள்ளி வைத்துக் கோணங்களை அளக்கிறோம். 1931-இல் அமெரிக்காவின் பிராட்பென்டும் ஜெர்மனியின் ஹோஃப்ராத்தும் தனித்தனியே அறிமுகப்படுத்திய இம்முறையை, ஒளிப்பெட்டியின் மேல் டிரேசிங் தாளை ஒட்டிப் பென்சிலால் வரைந்து கற்றவன் நான். ஒரு படத்துக்குக் கால் மணி நேரமாவது பிடிக்கும். ஒன்றரை ஆண்டாக அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றிடம் விட்டிருக்கிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படத்தை ஏற்றிய ஒரு நிமிடத்துக்குள் அளவுகள் வந்துவிடுகின்றன. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதன் ஒரே சீரான தன்மை. ஒரே படத்தைக் காலையில் ஒருமுறையும் களைத்துப்போன மாலையில் ஒருமுறையும் நான் வரைந்தால் இரண்டும் அப்படியே ஒத்துப்போவதில்லை; மென்பொருளுக்கு அந்தச் சோர்வு கிடையாது. செல்லா (மண்டையோட்டின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழியின் நடுப்புள்ளி), முன்பற்களின் நுனி போன்ற தெளிவான இடங்களில் அது வைத்த புள்ளியை நான் நகர்த்த நேர்ந்தது மிக அரிது.

ஆனால் வலப்பக்க எலும்பின் நிழலும் இடப்பக்க எலும்பின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழும் போரியான் (காதுத்துளையின் மேல்விளிம்பு), ஆர்பிட்டாலே (கண்குழியின் கீழ்விளிம்பு), கோனியான் (கீழ்த்தாடையின் பின்மூலை) ஆகிய இடங்களில் அதன் தடுமாற்றம் தெரிகிறது. ஒரு சிறுமியின் படத்தில், தலை அசையாதிருக்கக் காதில் செருகும் குச்சியின் வட்ட நிழலையே அது காதுத்துளை என்று எடுத்துக்கொண்டு, போரியானைச் சுமார் 6 மில்லிமீட்டர் கீழே வைத்துவிட்டது. 2 மில்லிமீட்டர் வரையிலான பிழையையே ஆய்வுகளில் பொதுவாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். இங்கே போரியானையும் ஆர்பிட்டாலேயையும் இணைக்கும் ஃபிராங்க்ஃபர்ட் தளமே சாய்ந்து, கீழ்த்தாடைத் தளத்துடனான கோணம் 28 டிகிரிக்குப் பதில் 32 டிகிரி என்று வந்தது. பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்று எண்ணிப் பார்க்கும் கட்டத்தில் இந்த 4 டிகிரி முடிவையே மாற்றக்கூடியது. எலும்பின் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்து பார்த்த பிறகே பிழை பிடிபட்டது. அறிக்கையை மட்டும் படித்திருந்தால் தெரிந்திருக்காது.

என் பெரிய குறை இதுதான்: உறுதியாகத் தெரிந்த புள்ளியையும் ஊகித்து வைத்த புள்ளியையும் இந்த மென்பொருள் ஒரே நிறத்தில், ஒரே அளவில் காட்டுகிறது. ஐயமுள்ள புள்ளிகளை மட்டும் வேறு நிறத்தில் காட்டினாலே மருத்துவரின் கண் முதலில் அங்கே செல்லும். அறிக்கையின் கடைசியில் அது தரும் சிகிச்சைப் பரிந்துரையை நான் அணைத்து வைத்திருக்கிறேன். உதடுகள் இயல்பாக மூடுகின்றனவா, குழந்தைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சமிருக்கிறது என்பதையெல்லாம் ஒரு பக்கவாட்டுப் படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

நாளொன்றுக்குப் பல படங்கள் பார்க்கும் மருத்துவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். பயிற்சியில் இருப்பவர்கள் கையால் வரைந்து தேர்ந்த பிறகு இதற்கு வருவதே நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன், ஏனெனில் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று அறியாதவருக்கு அது தவறிய இடமும் தெரியாது. நான் இப்போது அளவுகளைத் திறப்பதற்கு முன், போரியான், ஆர்பிட்டாலே, கோனியான் என்ற அந்த மூன்று புள்ளிகளையும் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். அதற்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருக்கிறது.