தருமபுரியில் ஒரு போதை மீட்பு வெளிநோயாளர் மையம்: நினைவாற்றலையும் சோதிக்கிறார்கள்

பள்ளி இறுதியாண்டிலிருந்து கஞ்சா புகைத்துவந்த என் தம்பியை, அவனுடைய முழுச் சம்மதத்தோடு, தருமபுரியில் மனநல மருத்துவர் ஒருவர் நடத்தும் போதை மீட்பு வெளிநோயாளர் மையத்துக்குச் சில மாதங்களாக அழைத்துச் சென்றுவருகிறேன். அவனுடைய அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இதற்கு முன் நாங்கள் விசாரித்த வேறொரு விடுதியில், அவனைப் பார்க்காமலேயே, வண்டி அனுப்பி ஏற்றிக்கொண்டுபோய் மூன்று மாதம் பூட்டி வைப்பதாகச் சொன்னார்கள். இங்கே முதல் நாளிலேயே ஒரு மருத்துவ உளவியலாளர் அவனோடு தனியாக அமர்ந்து, 30 மதிப்பெண் கொண்ட மோகா என்னும் நினைவாற்றல் சோதனையைத் தமிழில் நடத்தினார். கடிகாரம் வரைவது, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது ஆகியவற்றில் அவன் ஓரளவு தேறினான். ஆனால், ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது இரண்டுதான் அவன் நினைவில் இருந்தன. ஒசூர்த் தொழிற்சாலையில் காலையில் சொன்ன வேலை வரிசையை மதியத்துக்குள் மறந்துவிடுகிறான் என்று மேற்பார்வையாளர் அடிக்கடி குறைகூறியதற்கான காரணம் அந்த அறையில்தான் எங்களுக்கு விளங்கியது.

விளக்கம் சொல்வதில் அவர்கள் காட்டும் பொறுமை பாராட்டத்தக்கது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியில், வேதிப்பொருள்கள் வந்து பொருந்தும் சி.பி.1 ஏற்பிகள் என்னும் இடங்கள் அடர்த்தியாக உள்ளன. கஞ்சாவில் உள்ள, போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. அவற்றின்மீது செயல்படுகிறது, நாள்தோறும் நெடுங்காலம் புகைப்பவர்களிடம் இந்த ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன, நிறுத்திய சுமார் நான்கு வாரங்களில் அவை பெருமளவு மீள்வதாக மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைக் கேட்டபோது தம்பியின் முகத்தில் தெரிந்த நம்பிக்கையை வேறு எந்த அறிவுரையும் கொடுத்ததில்லை. அதே சமயம் பொய்யான உறுதி எதையும் அவர்கள் தரவில்லை. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களை 38 வயதுவரை தொடர்ந்து, 2012இல் வெளியான ஆய்வு, பதின்பருவத்தில் தொடங்கி விடாமல் பயன்படுத்தியவர்களின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சுமார் 8 புள்ளிகள் சரிந்ததாகச் சொல்கிறது என்பதையும், பின்னர் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் அந்தச் சரிவுக்குக் குடும்பச் சூழலும் காரணமாகலாம் என்று காட்டியதையும் சேர்த்தே சொன்னார்கள். கஞ்சாப் பழக்கத்தை விடுவிப்பதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஏதும் இல்லை என்பதால், சிகிச்சையின் பெரும்பகுதி ஆலோசனையே.

மதுவுக்காக வருபவர்களை அணுகும் முறை வேறு. நெடுங்காலக் குடியால் உடலில் பி1 வைட்டமின் வற்றிவிட்டால் கோர்சகாஃப் எனப்படும் கடும் மறதிநோய் வரலாம் என்பதால், அந்த வைட்டமினை ஊசியாகப் போடுகிறார்கள். அந்த நோய் கண்டவர்கள் நடக்காததை நடந்ததாகச் சொல்வதுண்டு. மறதியின் இடைவெளியை மூளை தானாக நிரப்பிக்கொள்வதே அது என்றும், பொய் என்று திட்டக் கூடாது என்றும் செவிலியர் ஒருவர் காத்திருந்த குடும்பத்தினரிடம் எடுத்துச் சொன்னார். அந்தக் கனிவு எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை.

குறை என்று சொன்னால் ஒன்று பெரியது. அடுத்த வருகைக்கான தேதியை வாய்மொழியாகவே சொல்கிறார்கள். நினைவூட்டித் தொலைபேசியிலும் அழைப்பதில்லை. நினைவாற்றல் குன்றியிருப்பதைத் தாங்களே அளந்து கண்டறிந்த ஒருவரிடம், தேதியை நினைவில் வைத்து வரும் பொறுப்பை விடுவது சரியில்லை. அவன் தவறவிட்ட வாரங்களை ஆர்வமின்மை என்று கோப்பில் குறித்திருந்ததைப் பார்த்து வருந்தினேன். நான் முறையிட்ட பிறகு, பெரிய எழுத்தில் தேதி எழுதிய அட்டை கொடுக்கிறார்கள்; அது எல்லா நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

கட்டணத்துக்கு ரசீது உண்டு. மாலை நேரத்தில் பார்ப்பதில்லை என்பதால், பென்னாகரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது.

வேறு மையத்தைத் தேடுபவர்கள், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்பதையும், நினைவாற்றலைச் சோதிக்கிறார்களா என்பதையும் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.