"ஆறு மாதத்தில் இரண்டடி" ஓர்க்கிட்: பணத்தைக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் தளத்து அக்கா நேற்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். கருஞ்சிவப்பு வெல்வெட் போன்ற இலைகள், அவற்றில் செம்பு நிறக் கோடுகள், மேலே வெள்ளைப் பூக்கள், சட்டி கொள்ளாத புதர். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பத்து மாதத்துக்கு முன் இதே படத்தைப் பார்த்துத்தான் நான் 10,800 ரூபாவை இழந்தேன்.

விற்றவரின் பெயரை எழுதி வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை. அவர் விற்கும் விதத்தைச் சொன்னால் போதும்.

வெள்ளவத்தையில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தந்தார். மிகப் பணிவான பையன். "அக்கா, இது வனராஜா ஓர்க்கிட். இலங்கையின் சிங்கராஜக் காட்டு இனம். ஆறு மாதத்தில் இரண்டடி வளரும், மாதா மாதம் பூக்கும்" என்றார். செடி 6,500 ரூபா. இரண்டடி வளரப்போகிற செடிக்கு இந்தச் சின்னச் சட்டி எப்படிப் போதும்? ஆகவே பத்து அங்குல மண்சட்டி ஒன்று, 2,200. வளர்ந்து சாயாமல் கட்டிவைக்கத் தும்பு சுற்றிய கம்பு, 900. பெயர்ச்சீட்டே இல்லாத போத்தலில் பச்சைத் தண்ணீர், அதற்குப் பெயர் 'வளர்ச்சி டொனிக்', 1,200. என் கணவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செடிக்குக் கட்டில் மெத்தை வேண்டாமா?" என்றார். அவரை முறைத்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் தண்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஒன்றை நிமிர்த்தலாம் என்று தொட்டேன். வாழைப்பழத்தில் குத்திய ஊதுவத்தி போல அப்படியே கையோடு வந்துவிட்டது. வேர் என்று ஒரு மயிரிழைகூட இல்லை. அடிமுனை கத்தியால் நறுக்கிய நேர்வெட்டு. அதைச் சுற்றிப் பழுப்பு நிறக் கூழ், அழுகல் வாடை. மற்றவற்றையும் மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒன்பது தண்டுகளில் ஆறு வெறும் வெட்டுத் துண்டுகள். ஈரத் தும்பில் நெருக்கமாகக் குத்தி, நன்றாக வளர்ந்த செடி போலக் காட்டியிருக்கிறார்கள். மூன்றில் மட்டும் வேர் இருந்தது.

பேராதனையில் தாவரவியல் படிக்கும் என் பெறாமகள் விடுமுறைக்கு வந்தபோது ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். "சின்னம்மா, இது வனராஜாவே இல்லை. வனராஜாவின் இலையில் நரம்புகள் வலை பின்னியது போல இருக்கும். இதில் கோடுகள் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடுகின்றன. இது லுடீசியா டிஸ்கலர். தென்சீனாவிலிருந்து இந்தோனேசியா வரை வளர்கிற செடி. நமது காட்டுச் செடியே அல்ல" என்றாள். உண்மையான வனராஜாவாக இருந்திருந்தாலும் எனக்குப் பெருமை இல்லையாம். அது இந்நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தாவரம். காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பது குற்றம். ஆக அந்தப் பையன் சொன்னது பொய்யென்றால் நான் ஏமாளி, மெய்யென்றால் களவுக்கு உடந்தை.

எனக்கு அதைவிட உறைத்தது வளர்ச்சிக் கதைதான். லுடீசியா மரத்தில் தொற்றி வளரும் ஓர்க்கிட் அல்ல. காட்டு நிழலில், உதிர்ந்த இலைமக்கின் மேல் ஊர்ந்து வாழ்வது. குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கப் பழகிய செடிக்கு அவசரம் ஏது? சதைப்பற்றான தண்டு சற்று உயரும், தன் பாரத்தில் சாயும், மண்ணைத் தொட்ட கணுவில் வேர்விடும், பிறகு நுனி மறுபடி நிமிரும். முன்பக்கம் புதிய இலை வரும்போது பின்பக்கத்துப் பழைய இலை உதிரும். ஆகவே வீட்டுக்குள் எத்தனை வருடம் வைத்தாலும் இலைகளின் உயரம் ஒரு சாண் அளவில் நின்றுவிடும். பரவுவது பக்கவாட்டில், அதுவும் மெதுவாக. பூ வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் குளிர் மாதங்களில். பூந்தண்டு வேண்டுமானால் ஓர் அடிவரை எழும். பூத்த தண்டு அதோடு நீளுவதை நிறுத்திக்கொள்ளும், பிறகு அடியிலிருந்து பக்கக் குருத்து வரவேண்டும். படத்தில் இருந்த புதர் பல வருடத்துச் செடி.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த 'இரண்டடி' என்ற ஒரு சொல் இல்லையென்றால் பெரிய சட்டி விற்றிருக்காது, கம்பு விற்றிருக்காது, டொனிக்கும் விற்றிருக்காது. 4,300 ரூபா வெறும் வாய்ச்சொல்லுக்கு. இதில் கொடுமை என்னவென்றால், வாங்கிய பொருட்களே வேர் இருந்த மூன்று தண்டுகளையும் கொல்லப் பார்த்தன. சிறிய வேர்களுக்குப் பெரிய சட்டியில் ஈரம் வற்றவே இல்லை. டொனிக்கை அவர் சொன்ன அளவில் ஊற்றியதும் மிஞ்சியிருந்த இலைகளின் நுனி கருகியது. ஓர்க்கிட் வேருக்கு உரம் மிக நீர்த்துத்தான் தரவேண்டும் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

படம் எடுத்து அனுப்பி முறையிட்டேன். "உங்கள் வீட்டில் வெளிச்சம் போதாது அக்கா, பல்கனியில் வையுங்கள்" என்று பதில் வந்தது. எங்கள் பல்கனி கடலைப் பார்த்தது. பிற்பகல் வெயில் நேரே அடிக்கும். வைத்திருந்தால் இரண்டே நாளில் இலை வெளிறியிருக்கும். பாதிப் பணமாவது திருப்பித் தரும்படி கேட்டேன். அதன்பின் என் இலக்கத்தை முடக்கிவிட்டார்.

இரண்டாம் தளத்து அக்காவுக்கு நான் எழுதியதையே இங்கும் எழுதுகிறேன். இந்தச் செடி வேண்டுமென்றால் நேரில் போய்ப் பாருங்கள். தண்டின் அடியை விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வேர் பிடித்த தண்டு மண்ணோடு சேர்ந்து அசையும், குத்திய தண்டு தனியாக ஆடும். தொடவிடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். எவ்வளவு வளரும் என்று கேட்டால் அடிக்கணக்கு சொல்கிறவரிடமும் வாங்காதீர்கள். பார்க்கிற அளவுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

மிஞ்சிய மூன்று தண்டுகள் நான்கு அங்குலச் சட்டியில், இலைமக்கும் தும்பும் கலந்த கலவையில், வடக்கு யன்னலோரம் இருக்கின்றன. ஒரு தண்டு புதிய இலை விட ஐந்தாறு வாரம் எடுக்கிறது. மிக உயரமானது இன்று காலை அளந்தபோது 11 சென்ரிமீற்றர். பெரிய மண்சட்டியில் என் கணவர் கற்பூரவள்ளிக் கொப்பு ஒன்றை ஊன்றினார். அது ஆறு மாதத்துக்குள் சட்டியைத் தாண்டி இரண்டடி பரந்துவிட்டது.