குறுக்கெழுத்தில் செடி, கொடி, மலை: பல வருடம் கட்டம் நிரப்பியதில் தெரிந்தவை

தமிழ்க் குறுக்கெழுத்தைப் பல வருடங்களாகப் போட்டு வருகிறேன், வார இதழ், ஞாயிற்றுக்கிழமை இணைப்பு, இப்போது போனில் என்று எது கிடைத்தாலும். சினிமாக் குறிப்புகளை டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். மல்லுக்கு நிற்பவை தாவரம், மலை, நீர்நிலை பற்றிய குறிப்புகள்தான், அதுவும் விடை தெரியாமல் இல்லை, ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று விடைகள் வந்து நிற்பதால்.

'பூவின் ஒரு நிலை', மூன்று கட்டம். மொட்டு, மலர், அலர் மூன்றுமே பொருந்தும். (அரும்பும் செம்மலும் நான்கு, முகை இரண்டு, வீ ஒரே எழுத்து, பாவம், அதற்குக் கட்டத்தில் இடமே இல்லை.) நான் முதலில் பார்ப்பது நடுக்கட்டத்தை. அங்கிருந்து கீழே ஒரு சொல் தொடங்கினால் மொட்டு அவுட், ஏனென்றால் ட் என்று எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது, கீழிருந்து மேல் வந்தாலும் அப்படித்தான், ட்-இல் முடிவதும் இல்லை. அப்புறம் மலரா அலரா என்பதை முதல் எழுத்தை வெட்டிப்போகும் சொல்தான் சொல்ல வேண்டும். புல்லிவட்டம், அல்லிவட்டம் கதையும் இதேதான், இரண்டும் ஏழு கட்டம். 'பூவின் வெளியடுக்கு' என்று இருந்தால் புல்லி, பிழைத்தோம். வெறும் 'மலரின் பாகம்' என்றால் கடைசி நான்கு கட்டத்தில் 'வட்டம்' மட்டும் எழுதிவிட்டு முதல் எழுத்துக்காகக் காத்திருப்பேன், நடுவில் இருக்கும் 'ல்லி' இரண்டுக்கும் பொது என்பதால் அதையும் பயமில்லாமல் போடலாம்.

பிஞ்சு வகைகளுக்கு பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கும் பாவாணரின் சொல்வளப் பாடம் போதும். மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைக்குக் கச்சல், பாக்குக்கு நுழாய். புதிர் போடுபவர்களும் அங்கேதான் கை வைக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மலைப்பக்கம் கணவாய் அடிக்கடி வரும், பாலக்காட்டில் இருப்பதும் மீன்கடையில் இருப்பதும் ஒரே நான்கு கட்டம் என்பதால் குறும்பாகக் குறிப்பு எழுத வசதி. ஆனால் பாறையில் ஊறும் சுனையையும் மூங்கில் தோலில் அரிக்கும் சுணையையும் ஒன்றாக்கிவிடும் புதிர்கள் உண்டு, அதை மன்னிக்க மாட்டேன், ஏனென்றால் அந்தக் கட்டத்தை வெட்டும் சொல்லும் சேர்ந்து நாசமாகிறது.

அகராதிகளில் க்ரியா இன்றைய புழக்கத்துக்கு நல்லது, வாக்கியத்தோடு காட்டும். நுழாய் மாதிரி பழைய சரக்குக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்தான், இணையத்தில் இலவசமாகத் தேடலாம், சொல்லின் தொடக்கமோ முடிவோ மட்டும் கையில் இருந்தாலும் தேடிப் பார்க்கலாம்.

'ஒரு மரம்', மூன்று கட்டம் என்று குறிப்பு எழுதுபவர்களை மட்டும் என்ன செய்வது? வேம்பு, புன்னை, மருது, அத்தி, எதை வேண்டுமானாலும் போடலாம். அந்த வரிசையை நான் தொடுவதே இல்லை, சுற்றியிருப்பவை நிரம்பினால் அதுவே வந்துவிடும்.